நியூசன்ஸ் இன்ஸ்பெக்டரின் இரண்டாவது வருகை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் 'நியூசன்ஸ் இன்ஸ்பெக்டர்' என்று ஒருவர் நோட்டும் கையுமாகத் தெருத்தெருவாகச் சுற்றினாராமே, அவர் உண்மையில் செய்தது என்ன? அங்கே கொள்ளைநோய் அடங்கியதில் அவருக்குப் பங்கு உண்டா, அல்லது எல்லாம் குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் செய்த வேலையா? நம்மூர் சானிட்டரி இன்ஸ்பெக்டர் அவருடைய வாரிசா?

நகராட்சியில் அதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைத்தெருவில் என் தலை தெரிந்ததும் ஈ மொய்க்கும் பலகாரத் தட்டுகளுக்குத் திடீரென்று மூடி முளைக்கும். அந்த மூடி மறுநாளும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. விக்டோரியா காலத்து ஆளைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதும் ஏறக்குறைய இதுதான். அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் எதை ஒழிக்கிறோம் என்று அவர் நினைத்தாரோ, அதை ஒழித்ததால் கிடைத்த பங்கு அல்ல அது.

'நியூசன்ஸ்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். நம்மூரில் அது போலீஸ் சொல்லாகிவிட்டது. குடித்துவிட்டுத் தெருவில் சத்தம் போட்டால் நியூசன்ஸ் கேஸ். ஆங்கிலச் சட்டத்தில் அதற்கு அண்டை அயலாருக்கு உபத்திரவம் தரும் எதுவும் என்று பொருள். நிரம்பி வழியும் கக்கூஸ், வாசலில் குவிந்த சாணம், வீட்டுக்குள் வளர்க்கும் பன்றி, தேங்கி நிற்கும் குட்டை எல்லாம் அதில் அடக்கம். 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தப் பட்டியலை அழகாக வரிசைப்படுத்தி, ஆட்கள் நெருக்கியடித்து வாழும் வீட்டையும், துப்புரவில்லாத பட்டறையையும், புகை கக்கும் தொழிற்சாலை அடுப்பையும்கூட அதற்குள் கொண்டுவந்தது. அந்த வீடே நியூசன்ஸ் என்று சட்டம் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. சொந்த வீட்டுக்குள் நான் எப்படியும் இருப்பேன் என்ற பேச்சுக்கு அங்கே முடிவு வந்தது.

ஒரே ஊரை வைத்துச் சொன்னால் தெளிவாக இருக்கும். லிவர்பூலை எடுத்துக்கொள்கிறேன்.

1840களில் அது இங்கிலாந்தின் பெரிய துறைமுகம். பணமும் புரண்டது, பிணமும் விழுந்தது. 1842இல் சுகாதாரச் சீர்திருத்தத்துக்காகப் போராடிய எட்வின் சாட்விக் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. லிவர்பூலில் இறந்தவர்களின் சராசரி வயது, மேல்தட்டுக் குடும்பங்களில் 35, கூலிக்காரக் குடும்பங்களில் 15. ரட்லண்ட் என்ற கிராமப்புற மாவட்டத்தில் கூலிக்காரருக்கே 38. இந்த 15 என்ற எண்ணைப் படித்துவிட்டு, அங்கே எல்லோரும் பதினைந்து வயதில் செத்தார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படியல்ல. கைக்குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்ததால் சராசரி கீழே இறங்கியது. பிழைத்துக் கிடந்தவர்கள் ஐம்பது, அறுபது வரை இருந்தார்கள்.

அவர்கள் குடியிருந்த இடத்தை அங்கே 'கோர்ட்' என்றார்கள். திருநெல்வேலிப் பக்கத்து வளவு தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தெருவிலிருந்து மூன்று நான்கு அடி அகலச் சந்து, உள்ளே போனால் எதிரெதிராக இரண்டு வரிசை வீடு, கடைசியில் சுவர். அந்தச் சுவரோரம் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றிரண்டு குழிக் கக்கூஸும் சாம்பல் குழியும். நம் வளவில் மேலே வானமாவது தெரியும், கொல்லைப்பக்கம் ஒரு வழியாவது இருக்கும். அங்கே வீட்டின் பின்சுவர் அடுத்த வளவு வீட்டின் பின்சுவர், ஆகவே காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வழியே கிடையாது. தண்ணீரைத் தனியார் கம்பெனிகள் எப்போதாவது சில மணி நேரம் விட்டன. இப்படிச் சுமார் 2,000 கோர்ட்டுகளில் 55,000 பேர். இதற்கும் கீழே, தெருமட்டத்துக்கு அடியில், 6,000க்கு மேற்பட்ட நிலவறைகளில் இன்னும் 20,000 பேர். இந்தக் கணக்கை 1843இல் ஊரறியச் சொன்னவர் டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கன். அதே ஊரில் பிறந்து, அதே ஊரின் ஏழைகளுக்கு மருந்து கொடுத்தவர்.

1846இல் லிவர்பூலுக்கென்றே தனியாக ஒரு சுகாதாரச் சட்டம் வந்தது. அதன்படி மூன்று பேர் வேலைக்கு வந்தார்கள். 1847 ஜனவரி 1 முதல் டங்கன் சுகாதார அதிகாரி, பிரிட்டனிலேயே முதல் ஆள். ஜேம்ஸ் நியூலாண்ட்ஸ் நகரப் பொறியாளர். தாமஸ் ஃபிரெஷ் நியூசன்ஸ் இன்ஸ்பெக்டர். டங்கனைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது, நியூலாண்ட்ஸுக்கும் பெயர் இருக்கிறது. ஃபிரெஷை யாரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு இதில் கொஞ்சம் சொந்த வருத்தம் உண்டு. டாக்டர் அறிக்கை எழுதுவார், பொறியாளர் வரைபடம் போடுவார், கக்கூஸ் குழிக்குள் எட்டிப் பார்க்கிறவன் இன்ஸ்பெக்டர்தானே.

ஆனால் ஃபிரெஷுக்கு வேறொரு வகையில் நினைவுச்சின்னம் அமைந்துவிட்டது. ஊரில் அள்ளிய மலக்கழிவை என்ன செய்வது என்பது அப்போது பெரிய பிரச்சினை. வடக்கே ஃபார்ம்பி பக்கம் கடலோரத்தில் மணல் மேடு, எதுவும் விளையாத தரிசு. கழிவு அங்கே போய் அந்த மணலுக்கு எருவானது, தரிசு விளைநிலமானது, பின்னாளில் அந்தப் பகுதி தண்ணீர்விட்டான் இனத்துக் கீரைத்தண்டான ஆஸ்பராகஸுக்குப் பேர்போனது. அங்கே ஒரு ரயில் நிலையம், பெயர் ஃப்ரெஷ்ஃபீல்டு. பசுமையான வயல் என்று பொருள் கொண்டு அங்கே வீடு வாங்குகிறவர்கள், அது நியூசன்ஸ் இன்ஸ்பெக்டர் ஃபிரெஷின் பெயர் என்பதையும், பசுமை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொண்டால் நல்லது.

இனி ஒரு நியூசன்ஸ் இன்ஸ்பெக்டர் ஒரு நாளில் என்ன செய்தார் என்று பார்ப்போம். காலையில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். கையில் நோட்டு, அளவுகோல். எத்தனை அறை, எத்தனை பேர், கக்கூஸ் எங்கே, எப்போது கடைசியாக அள்ளினார்கள், சாக்கடை ஓடுகிறதா, சுவருக்கு எப்போது சுண்ணாம்பு அடித்தது. குறை இருந்தால் நோட்டீஸ், இத்தனை நாளுக்குள் சரிசெய் என்று. கெடு முடிந்ததும் மறுபடி அதே வாசல். சரிசெய்யவில்லை என்றால் வீட்டுக்காரர் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க வேண்டும். 1875 சட்டப்படி, உத்தரவுக்குப் பிறகும் சும்மா இருந்தால் நாளொன்றுக்கு 10 ஷில்லிங் வரை அபராதம், வேண்டுமென்றே மீறினால் 20 ஷில்லிங் வரை. பகல் 9 மணி முதல் மாலை 6 மணி வரை எந்த வீட்டுக்குள்ளும் நுழையச் சட்டம் அவருக்கு உரிமை தந்தது.

அந்தக் காலத்து ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் இதெல்லாம் எண்ணாக வந்து நிற்கும். பார்த்த வீடுகள் இத்தனை, மறுபடி பார்த்தது இத்தனை, நோட்டீஸ் இத்தனை, வழக்கு இத்தனை. லண்டன் அறிக்கைகள் ஆயிரக்கணக்கில் வெல்கம் நூலகத்தின் முயற்சியால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மற்றவர்கள் அவற்றில் சாவுக் கணக்கைப் பார்ப்பார்கள், நான் முதலில் 'மறுபடி பார்த்தது' என்ற பத்தியைத்தான் பார்ப்பேன். அந்த எண் சிறியதாக இருந்தால், நோட்டீஸ் வெறும் காகிதமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். லண்டனில் 1855 சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பகுதி மன்றமும் ஒரு சுகாதார அதிகாரியையும் இன்ஸ்பெக்டரையும் வைத்தாக வேண்டியிருந்தது. ஆனால் சம்பளம் கொடுத்த அந்த மன்றங்களிலேயே வாடகை வீட்டுச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டுமோ அவரிடமே மாதச் சம்பளம். இந்த நிலைமை எப்படிப்பட்டது என்று நான் விளக்கப் போவதில்லை. இந்த வேலை பார்த்த எவனுக்கும் தெரியும்.

கருவிகளும் சுவாரசியமானவை. சாக்கடைக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று அறிய மிளகுக்கீரைத் தைலம் பயன்பட்டது, நம் மிட்டாய்களில் வரும் பெப்பர்மிண்ட்தான். கூரைக்கு மேல் போய்க் கழிவுக்குழாயின் தலைப்பில் தைலத்தை ஊற்றி, பின்னால் வெந்நீரைக் கொட்டுவார்கள். உள்ளே இன்னொருவர் அறை அறையாக மோந்துகொண்டே வருவார். படுக்கையறையில் பெப்பர்மிண்ட் வாசம் அடித்தால் சாக்கடைக் காற்றும் அங்கே வருகிறது. இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு, தைலப் புட்டியைத் தொட்டவர் வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் அவர் சட்டையே வாசம் அடித்துச் சோதனையைக் கெடுத்துவிடும். தைலத்துக்குப் பதில் புகையை விட்டுப் பார்ப்பதும் உண்டு.

கலப்படத்துக்கு 1875இல் வந்த தனிச் சட்டப்படி, இன்ஸ்பெக்டர் சாதாரண வாடிக்கையாளர் போலப் பாலோ வெண்ணெயோ வாங்குவார். காசு கொடுத்த பிறகுதான் தான் யார் என்று சொல்லி, பொருளை மூன்று பங்காக்கி முத்திரை வைப்பார். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று பரிசோதகருக்கு, ஒன்று வழக்கில் தகராறு வந்தால் காட்ட. நம் நாட்டில் 1954இல் வந்த கலப்படத் தடுப்புச் சட்டத்திலும் அதே மூன்று பங்குதான் இருந்தது. எத்தனையோ மளிகைக் கடை வாசலில் நின்று மூன்று பாட்டிலுக்கு அரக்கு வைத்திருக்கிறேன், அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே.

வீட்டு நெருக்கடியைக் கணக்குப் போட்டுப் பிடித்த விதத்துக்குக் கிளாஸ்கோவைத்தான் சொல்ல வேண்டும். லிவர்பூலை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியாது. 1862 சட்டப்படி அங்கே மொத்தம் 2,000 கன அடிக்கு உட்பட்ட சின்ன வீடுகளை அளந்து, கதவில் ஒரு தகரச் சீட்டு அடித்தார்கள். ஒரு பெரியவருக்கு 300 கன அடி, எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருவரைச் சேர்த்து ஒரு பெரியவர் கணக்கு. பத்தடிக்குப் பத்தடி அறை, எட்டடி உயரம் என்றால் 800 கன அடி. இரண்டு பெரியவர், ஒரு குழந்தை, அவ்வளவுதான். 1880களில் இப்படிச் சீட்டு அடித்த வீடுகள் 23,000க்கு மேல் இருந்தன. சீட்டில் உள்ள எண்ணுக்கும் உள்ளே இருக்கும் தலைக்கும் பொருத்தம் பார்க்க இன்ஸ்பெக்டர்கள் நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டுவார்கள். உள்ளே கட்டிலுக்கு அடியில் ஆள், அலமாரிக்குள் ஆள், கூரை மேல் ஆள். குளிர்காலத்தில் ஸ்காட்லாந்துக் கூரை மேல் ராத்திரி ஒளிந்து நிற்பதென்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பணக்காரர் வீட்டுக் கதவில் யாரும் சீட்டு அடிக்கவில்லை. இந்த வேலையின் கசப்பான பக்கம் இதுதான், இதை மறைத்து எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

லிவர்பூலில் அந்தக் கசப்பு முதல் வருஷமே தொடங்கிவிட்டது. டங்கன் பதவியேற்ற 1847இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. அந்த ஒரே ஆண்டில் ஏறக்குறைய 3,00,000 பேர் கப்பலில் வந்து லிவர்பூலில் இறங்கினார்கள். ஊரின் மொத்த மக்கள்தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிறையப் பேர் அமெரிக்கா போனார்கள், ஏறக்குறைய 15,000 பேரை ஏழைகள் சட்டத்தின் கீழ் திருப்பி அனுப்பினார்கள், மற்றவர்கள் தங்கினார்கள். எங்கே? கோர்ட்டுகளிலும், மூடி வைத்திருந்த நிலவறைகளை உடைத்துத் திறந்தும். டைஃபஸ் காய்ச்சல் பரவியது, டைஃபாய்டு வேறு, இது வேறு. நோயாளிகளிடம் போன 10 கத்தோலிக்கப் பாதிரியார்கள் அந்த ஆண்டிலேயே செத்தார்கள். ஆற்றில் கப்பல்களை நிறுத்தி அவற்றையே ஆஸ்பத்திரியாக்கினார்கள்.

1846 சட்டம் குறிப்பிட்ட உயரமும் வெளிச்சமும் இல்லாத நிலவறைகளில் குடியிருப்பதைத் தடுத்தது. ஃபிரெஷின் ஆட்கள் அளந்து, நோட்டீஸ் கொடுத்து, ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். சட்டப்படி சரி. டங்கனுக்கே அது சங்கடமாக இருந்தது, ஏனென்றால் வெளியேறியவர்கள் மாளிகைக்குப் போகவில்லை. பக்கத்துக் கோர்ட்டில் ஏற்கெனவே ஆறு பேர் இருந்த அறைக்குத்தான் போனார்கள். ஓரிடத்து நியூசன்ஸ் அகன்றது என்று நோட்டில் எழுதிய அதே நாளில் இன்னோரிடத்தில் நெருக்கடி கூடியது. நோட்டீஸ் ஒரு வீட்டை மூட வைக்கும், ஒரு வீட்டைக் கட்டித் தராது. அந்த நகர மன்றம் தன் செலவில் தொழிலாளர் குடியிருப்பு கட்ட 1869 வரை ஆனது. செயின்ட் மார்ட்டின் குடியிருப்பு என்று பெயர். இங்கிலாந்தில் ஒரு நகராட்சி தானே கட்டி வாடகைக்கு விட்ட முதல் வீடுகள் அவை. இருபத்திரண்டு வருஷம், இதற்குள் டங்கனும் ஃபிரெஷும் இறந்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் நடுக்கேள்விக்கு வருகிறேன். இதில் நோய்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். மொத்தமாகக் 'கொள்ளைநோய்' என்று பேசினால் வாக்குவாதம் முடியாது.

காலரா: இதில் இன்ஸ்பெக்டருக்குப் பெரிய பங்கு கிடையாது. 1849இல் லிவர்பூலில் மட்டும் 5,000 பேருக்கு மேல் காலராவில் செத்தார்கள். அந்தத் தலைமுறை அதிகாரிகள் நாற்றமே நோய் என்று நம்பியவர்கள். குப்பைக்கும் சாணத்துக்கும் பின்னால் ஓடினார்கள், தண்ணீரைப் பெரிதாக நினைக்கவில்லை. லண்டனில் இன்னும் மோசம். நாற்றத்தைப் போக்குகிறோம் என்று சாக்கடைகளை அலசித் தேம்ஸில் விட்டார்கள், அதே ஆற்றுத் தண்ணீரைக் கம்பெனிகள் மக்களுக்கு விற்றன. காலரா தண்ணீரில்தான் பரவுகிறது என்று வாதாடிய டாக்டர் ஜான் ஸ்நோ, 1854இல் லண்டன் பிராட் தெருத் தண்ணீர்ப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னது இந்தக் காலத்தில்தான். காலராவையும் டைஃபாய்டையும் அடக்கியதில் நியூலாண்ட்ஸ் போன்றவர்களின் பங்குதான் பெரியது. முதல் பத்தாண்டில் அவர் 80 மைலுக்கு மேல் சாக்கடை போட்டார். 1857இல் ரிவிங்டன் நீர்த்தேக்கங்களிலிருந்து தண்ணீர் வந்தது.

டைஃபஸ்: இதில்தான் இன்ஸ்பெக்டர் நிற்கிறார். டைஃபஸைப் பரப்புவது சீலைப்பேன் என்று 1909இல்தான் சார்ல் நிக்கோல் கண்டுபிடித்தார். ஃபிரெஷுக்கு இது தெரிய வழியில்லை. ஆனால் அவர் செய்தது என்ன? ஒரே படுக்கையில் ஆறு பேர் படுப்பதைக் குறைத்தார், சத்திரம் போன்ற தங்கும் விடுதிகளைப் பதிவு செய்து ராத்திரியில் போய் எண்ணினார், நோய் கண்ட வீட்டின் படுக்கையை எடுத்து எரிக்கவும் துணிகளைச் சுத்தம் செய்யவும் வைத்தார். நாற்றத்தை விரட்டுவதாக நினைத்துப் பேனை விரட்டினார்கள். இதே ஊரில் கிட்டி வில்கின்சன் என்ற ஏழைப் பெண் 1832 காலராவின்போது தன் வீட்டு வெந்நீர்க் கொப்பரையைத் தெருவுக்கே திறந்துவிட்டு அழுக்குத் துணி வெளுக்க வைத்தார். அதன் தொடர்ச்சியாக 1842இல் ஃபிரடெரிக் தெருவில் பொதுச் சலவைக்கூடம் வந்தது. டைஃபஸ் ஒழிந்ததில் அந்தக் கொப்பரைக்கும் இன்ஸ்பெக்டர் நோட்டுக்கும் சம பங்கு என்று நான் சொல்வேன்.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கு: பொறியாளர், இன்ஸ்பெக்டர் இரண்டு பேருமே தோற்ற இடம். இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 பேர் ஒரு வயதுக்குள் சாவது 1900 வரை ஏறக்குறைய அப்படியே இருந்தது. பால், ஈ, அள்ளாத குழிக் கக்கூஸ், வேலைக்குப் போகும் தாய். இதை வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்து மாற்ற முடியாது, அடுப்படிக்குள் போய்ப் பேச வேண்டும். லண்டன் கென்சிங்டனில் 1893இல் ரோஸ் ஸ்குயர், லூசி டீன் என்று இரண்டு பெண் இன்ஸ்பெக்டர்களை வைத்தார்கள். அவர்களைப் பட்டறைகளுக்குத்தான் அனுப்பினார்கள், ஆனால் பெண்களை இந்த வேலைக்கு எடுக்கலாம் என்ற கதவு அப்படித் திறந்தது.

ஆய்வாளர்களுக்குள்ளும் இந்தச் சண்டை உண்டு. தாமஸ் மெக்கியோன் என்பவர், மருத்துவமும் சுகாதாரமும் பெரிதல்ல, சாப்பாடு மேம்பட்டதால்தான் சாவு குறைந்தது என்றார். 1988இல் சைமன் ஸ்ரெட்டர் அதை மறுத்து, உள்ளாட்சிகள் வரிப்பணத்தைச் செலவழிக்கத் துணிந்ததுதான் காரணம் என்று வாதாடினார். நான் ஸ்ரெட்டர் பக்கம். தொழில் பாசம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வாரிசுக் கேள்வி. வாரிசுதான், ஆனால் அந்த வம்சாவளி ஒரு போர் வழியாக வருகிறது. கிரிமியப் போரில் துருக்கியிலிருந்த ஸ்குட்டாரி பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனையில் சிப்பாய்கள் காயத்தைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் அதிகமாகச் செத்தார்கள். 1855 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு ஒரு சுகாதாரக் குழுவை அங்கே அனுப்பியது. டாக்டர் ஜான் சதர்லண்ட் தலைமை. கூடப் போனவர்களில் லிவர்பூல் நியூலாண்ட்ஸும், லிவர்பூலின் இன்ஸ்பெக்டர்கள் மூவரும் உண்டு. அவர்கள் போய் வண்டி வண்டியாகக் குப்பை அள்ளி, அடைத்த சாக்கடையை அலசி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தண்ணீர் வரும் வாய்க்காலில் கிடந்த செத்த குதிரையை எடுத்தார்கள். பிப்ரவரியில் நூற்றுக்கு 42 ஆக இருந்த சாவு ஜூனில் 2 ஆனது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவரும் சதர்லண்டும் சேர்ந்து அடுத்து இந்தியா பக்கம் திரும்பினார்கள். இந்தியாவில் இருந்த ராணுவத்தின் சுகாதாரம் பற்றிய ராயல் கமிஷன் 1863இல் அறிக்கை தந்தது, அதன் பேரில் 1864இல் கல்கத்தா, பம்பாயோடு சென்னையிலும் ஒரு சுகாதார ஆணையம் அமைந்தது.

இங்கிலாந்தில் 1891இன் லண்டன் சட்டம் 'நியூசன்ஸ்' என்பதை விட்டு 'சானிட்டரி இன்ஸ்பெக்டர்' என்று எழுதத் தொடங்கியது. நம் கிராமத்துக் கிழவிகள் வாயில் இன்றும் புழங்குவது அந்தப் பெயர்தான். பழைய பெயர் மட்டும் சட்டப் புத்தகத்தை விட்டுப் போகவில்லை. 1939இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் அமலில் இருக்கிறது. அதில் எவையெல்லாம் நியூசன்ஸ் என்று ஒரு பட்டியல் வரும், குட்டை, சாக்கடை, கக்கூஸ், விலங்கு, குப்பைக் குவியல் என்று. 1875இன் ஆங்கிலப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரிசைகூடப் பெரிதாக மாறவில்லை. நம்மவர்கள் குளத்தையும் கிணற்றையும் சேர்த்துக்கொண்டார்கள்.